பாப்பிக்கு விட்டுப்போன கால்

அறிவை வளர்க்க அலுவலகம் திறந்த அரசாங்கங்கள் எத்தனையோ உண்டு. அறியாமையைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுவதற்கென்றே தனிக் கட்டடம், தனி முத்திரை, தனி ஜீப் எல்லாம் பெற்றிருக்கும் பெருமை, இந்தப் பூமியில் வீட்டுத் தோட்ட ஒழுங்குமுறைத் துறை ஒன்றுக்கே உரியது. மனித நாகரிகம் கடைசியில் எங்கே போய் நிற்குமோ என்று கவலைப்படுகிறவர்கள், அந்தக் கட்டடத்தின் வாசலில் ஒரு தரம் போய்ப் பார்க்கலாம். அங்கேதான் நிற்கிறது.

துறையின் புகழ் முழுவதும் ஒரு சட்டத்தில் அடங்கியிருந்தது. சட்டத்தின் புகழ் முழுவதும் ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. “பாப்பி என்னும் அலங்காரப் பூச்செடியில் குறிப்பிட்ட ஒரு வகையை வீட்டுத் தோட்டத்தில் அறிந்தே வளர்ப்பது குற்றம்.” அந்த ‘அறிந்தே’யில் உள்ள கருணையைக் கவனிக்க வேண்டும். இன்ன செடி என்று தெரியாமல் வளர்த்தால் அது பூ. தெரிந்து வளர்த்தால் குற்றம். செடி அதே செடிதான், ஓர் இலைகூட மாறுவதில்லை. அதன் விதையைக் கடையில் கசகசா என்று கேட்டு வாங்கலாம், அரைக்கலாம், தின்னலாம், தின்றுவிட்டுத் தூங்கலாம். சட்டம் கதவைக்கூடத் தட்டாது. அதே விதை கைதவறி மண்ணில் விழுந்து, ‘அட, இது முளைக்குமே’ என்று மனதில் ஒரு நினைப்பு வந்துவிட்டால் ஜீப் கிளம்பிவிடும்.

எனவே, குடிமக்களுக்கு அந்த நினைப்பு வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதைத் துறை தன் தலையாய கடமையாக ஏற்றுக்கொண்டது. ஊர் முழுக்க விளம்பரப் பலகை வைத்தார்கள். மேலே “இந்தச் செடியை வளர்க்காதீர்கள்!” என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு பெரிய வெற்றுக் கட்டம். படம் போட்டால் ஜனங்களுக்குத் தெரிந்துபோய், குற்றவாளிகள் பெருகிவிடுவார்கள் அல்லவா?

போன வருஷம் ஒரு தபால்காரர், தன் வீட்டு முன்னால் பூத்த பூ என்னவென்று எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, நேரே துறைக்குப் போய், “இதை வளர்க்கலாமா சார்?” என்று பணிவாகக் கேட்டார். கேட்டவுடனேயே அவர் அறிந்தவர் என்பது ‘ஐயந்திரிபற’ நிரூபணமாகிவிட்டது. செடிகளை வேரோடும் மண்ணோடும் அலுங்காமல் எடுத்து ஜீப்பில் ஏற்றினார்கள். அரசு ஊழியர் ஒருவரே அறிந்துவிட்டார் என்பதால், அவரை வேலையிலிருந்தும் நிறுத்திவைத்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நல்லாட்சியின் அடையாளம் அதுதான்.

இந்தச் சட்டத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்தவர் ஊரில் ஒரே ஒருவர். சட்டத்தை இயற்றியவர்கள் அல்ல, அவர்களுக்குக் கையெழுத்துப் போடும் வேலை இருந்தது. அதை அச்சடித்த அச்சகத்தில் பிழை திருத்தும் அம்மாள்தான் படித்தவர். க், ச், த், ப் என்று எந்த ஒற்று எங்கே விட்டுப்போனாலும் அவருடைய சிவப்புப் பேனா பாய்ந்துவிடும் என்பதால், அச்சகத்தில் அவருக்கு ‘ஒற்று அக்கா’ என்று பேர் வைத்தார்கள். “தனித்தனியா சொல்லாதீங்கப்பா, சேர்ந்தா ஒற்றக்கான்னுதான் வரும்” என்று அதையும் அவரே திருத்தினார். அன்றிலிருந்து ஒற்றக்கா. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஒற்று மிகுந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அதைத் திருத்தி மறுபடி அச்சடித்தால்தான் கல்யாணம் என்று உட்கார்ந்தவர். மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை அப்போதே பயந்தவர், இன்னும் தெளியவில்லை.

அந்தச் சட்டம் அச்சுக்கு வந்தபோது பிரதியில் “அரிந்தே வளர்ப்பது குற்றம்” என்று இருந்தது. ஒற்றக்கா வாய்விட்டுச் சிரித்தார். கத்தரிக்காயை அரியலாம். செடியை அரிந்துகொண்டே எப்படி வளர்ப்பது? சின்ன ர-வை அடித்துவிட்டுப் பெரிய ற-வைப் போட்டார். சட்டம் அறிந்தது. துறையிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அதிலும் பிழை இருந்தது. அதையும் திருத்தித் திருப்பி அனுப்பினார்.

எழுத்தின் மேல் இருந்த கைராசி அவருக்குச் செடியின் மேல் இல்லை. ஒற்றக்கா தண்ணீர் ஊற்றினால் கள்ளிச்செடி அழுகும். உரம் வைத்தால் புல் கருகும். வரவேற்பறையில் இருந்த பிளாஸ்டிக் ரோஜாவே அவர் துடைத்துத் துடைத்து நிறம் போய்விட்டது. கணவர் வீட்டின் முன்னறையில் பல் செட் செய்து கொடுக்கிறவர். மனைவி கையில் பூவாளியைப் பார்த்தாலே, “பாவம்மா, அது வாயில்லாத ஜீவன்” என்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டில்தான் அது நடந்தது. வண்டு விழுந்த கசகசாவை ஒற்றக்கா எரிச்சலோடு சமையலறை ஜன்னல் வழியாகப் பின்பக்கம் உதறியிருந்தார். சுவருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே இருந்த பாய் அகல மண்ணில், மழைக்குப் பிறகு சாம்பல் பூத்த பச்சையில் ஏதோ தலை நீட்டியது.

“என்னங்க, இங்க வாங்களேன்! ஏதோ முளைச்சிருக்கு!”

கணவர் கையில் ஒரு மேல்வரிசைப் பல்லோடு வந்தார். “உன் கையாலயா? தள்ளி நில்லு, உன் நிழல் படப்போகுது.”

“நான் ஒண்ணுமே பண்ணலைங்க.”

“அதான் முளைச்சிருக்கு. இனிமேலும் ஒண்ணும் பண்ணாதே.”

ஒற்றக்கா ஒன்றும் பண்ணவில்லை. செடி இடுப்பளவு வளர்ந்தது. மொட்டுகள் திட்டு வாங்கிய பிள்ளைகள்போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. ஒரு காலையில், முதல் மொட்டு தலையை நிமிர்த்தி, பெட்டியில் கசங்கிக் கிடந்த பட்டுப்புடவையை உதறியதுபோல விரிந்தது. ஊதா நிறம், அடியில் மை சிந்தியதுபோல ஒரு கறுப்பு. ஒற்றக்கா பல் துலக்குவதையும் மறந்து அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கையில் ஒன்று சாகவில்லை. அதில் திருத்துவதற்கும் ஒன்றும் இல்லை.

அந்தச் சந்தோஷம் அச்சகத்தில் ஒரு தோட்டக்கலைப் புத்தகம் வருகிற வரைதான் நீடித்தது. ஒற்றக்கா மெய்ப்புப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் தன் வீட்டுப் பூ சிரித்தது. கீழே ‘பாப்பி’ என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே: “இதன் பச்சைக் காயைக் கத்தியால் அரிந்து பால் எடுப்பார்கள். அந்தப் பாலிலிருந்துதான் அபினி. சட்டம் தடுப்பது அதைத்தான். அரியாத வரை இது வெறும் அலங்காரப் பூ.”

ஒற்றக்காவின் பேனா கீழே விழுந்தது. மூன்று இடி சேர்ந்து இறங்கின. ஒன்று, தன் பூ பாப்பி. இரண்டு, அது தெரிந்துவிட்டதால் இந்த நிமிஷத்திலிருந்து தான் குற்றவாளி. மூன்றாவதுதான் பெரிய இடி. சட்டம் எழுதியவன் எழுதியது பிழையே இல்லை. அரிந்தே என்றுதான் எழுதியிருக்கிறான். காயை அரிகிறவனைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறான். பூவை ரசிக்கிறவர்களையெல்லாம் பிடித்துக் கொடுத்தது, தான் போட்ட அந்த ஒரு ற.

நேரே வக்கீலாக இருக்கும் தன் தம்பியின் அறைக்குப் போனார்.

“டேய், எங்க வீட்டுப் பின்னாடி பூத்திருக்குல்ல, அது...”

தம்பி மேஜையைச் சுற்றி ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினான். “சொல்லாதக்கா! எனக்குத் தெரிஞ்சா நானும் உடந்தை. ஏதோ ஒரு பூ. அதோட நிறுத்து.”

“ஊதாவா...”

“நிறமும் வேண்டாம்!”

“சரி, இப்ப நான் என்னதான்டா பண்றது?”

“மறந்துடு. ‘அறிந்தே’ன்னு இருக்கு பாரு, அதான் நமக்கு ஓட்டை. தெரியாதவங்களைத் தொட முடியாது. எந்தப் புண்ணியவான் அந்த வார்த்தையைப் போட்டானோ, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்.”

ஒற்றக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டார். “தெரிஞ்சதை எப்படிடா மறக்கறது?”

“மாமா கல்யாண நாளை வருஷா வருஷம் மறக்கலை? அவர்கிட்ட கத்துக்க.”

கணவர் அந்தப் பொறுப்பை ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டார். வீட்டுக்குள் அந்தச் சொல்லையே தடை செய்தார். ‘அது’ என்றுதான் சொல்ல வேண்டும். ஒற்றக்கா ஜன்னலோரம் நின்றால்கூட, “என்ன நினைக்கிறே? அந்தப் பேரைத்தானே நினைக்கிறே?” என்று பின்னால் வந்து நிற்பார். “பாப்பின்னு சொல்லாதே! பாப்பின்னு நினைக்காதே! பாப்பின்னா என்னன்னே உனக்குத் தெரியாது!” என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி கத்தி ரகசியத்தைக் காப்பாற்றினார்.

மாடிவீட்டுத் தையல்காரம்மாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. அவருக்கும் பூ என்றால் உயிர். மறுநாளே துறைக்குப் போய், “கீழ் வீட்டுல பாப்பி வளர்க்கறாங்க, எனக்கும் கிடைக்குமா?” என்று வெள்ளந்தியாகக் கேட்டார். துறையில் விசாரணைக்கு ஜன்னல் கிடையாது. இருந்தது புகார் ஜன்னல் ஒன்றுதான். எனவே கேள்வி புகாராகப் பதிவானது. அவர் திடுக்கிட்டு, “ஐயையோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று சொன்னது அவரைக் காப்பாற்றியது. ஒற்றக்காவைக் காப்பாற்றவில்லை.

ஜீப்பில் வந்து இறங்கியவர் துறையின் ஒப்பற்ற ஆய்வாளர். ‘முதுகு ஆய்வாளர்’ என்று பெயர் பெற்றவர். பூவைப் பார்த்து இன்னது என்று தெரிந்துகொள்ளும் ஆய்வாளர்களைத் துறை உடனுக்குடன் தூர ஊர்களுக்கு மாற்றிவிடும். இவர் பணியில் சேர்ந்த நாள்முதல் அதே நாற்காலியில் இருக்கிறார்.

“தோட்டம் எந்தப் பக்கம்மா?”

“பின்னாடி சார்.”

“நல்லது. எனக்கும் பின்னாடியே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு, திரும்பாமல், சமையலறை வழியாகப் பின்னோக்கியே நடந்து போனார். அரிசி டப்பாவில் இடித்தார், ஸ்டூலைத் தள்ளினார், ஆனால் கடமையில் தவறவில்லை. செடிகளுக்கு முதுகைக் காட்டி நின்று கூர்ந்து ஆராய்ந்தார். காற்றடித்தது. செடி இதற்குள் நெஞ்சளவுக்கு வளர்ந்திருந்தது, ஆய்வாளரோ குள்ளம். உயர்ந்து நின்ற ஒரு பூ வளைந்து அவர் காதில் போய் உட்கார்ந்துகொண்டது.

“காதுல என்னம்மா?”

“பூ சார்.”

“பூன்னா பரவாயில்லை” என்றார் ஆய்வாளர். காதில் பூ இருப்பது அந்தத் துறையில் புதிதல்ல.

போகும்போது ஒரு நோட்டீஸை நீட்டினார். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வர வேண்டும். குற்றம் நிரூபணமானால் செடிகள் பறிமுதல், வளர்த்தவர் சிறை. ஒற்றக்கா சிறை என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டார். அவர் கண் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

“தாங்கள் தங்கள் வீட்டின் பின்புறம் பப்பி வளர்த்து வருவதாக...”

“பப்பியா!” என்று அலறினார்.

“சத்தம் போடாதே” என்றார் கணவர்.

“கால் எங்கங்க? ப-வுக்குப் பக்கத்துல கால் எங்க? இது நாய்க்குட்டிங்க! பேனா... என் சிவப்புப் பேனா...”

கணவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. தெய்வமே துறையின் தட்டச்சு இயந்திரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாய்ந்துபோய் வீட்டிலிருந்த பேனாக்களையெல்லாம் வாரி, பல் செட் வைக்கும் அலமாரியில் போட்டுப் பூட்டினார். மச்சானைக் கூப்பிட்டார்.

தம்பி நோட்டீஸைப் படித்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டான். “அக்கா! தப்பிச்சே! நாய்க்குட்டி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. சத்தியமும் அதுதான். பூ பொழைச்சுது, நீ பொழைச்சே.”

“ஆனா, அது பிழைடா.”

“இருக்கட்டுமே! அந்த ஒரு கால்லதான் உன் தலை இருக்கு.”

“அரசாங்க முத்திரை போட்ட காகிதத்துல...”

“அக்கா, வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஒரு எழுத்தைச் சும்மா விடு. உனக்குப் பூ வேணுமா, கால் வேணுமா?”

ஒற்றக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தார். இன்னொரு மொட்டு தலையை நிமிர்த்திக்கொண்டிருந்தது. “பூ” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை மூவரும் துறைக்குப் போனார்கள். வாசலில், துறையின் பெயர்ப்பலகைக்கு அடியில், வட்டமாகச் செங்கல் கட்டிய பாத்தி. அது நிறைய ஊதாப் பூக்கள். சாம்பல் பூத்த பச்சை இலை, தலை குனிந்த மொட்டு, அடியில் மை சிந்திய கறுப்பு. எதிர்த் திட்டில், காக்கிச் சட்டை போட முடியாத தபால்காரர் கோடுபோட்ட சட்டையில் உட்கார்ந்து அந்தப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். காவலாளி அவரிடம், “உங்களுது நம்மகிட்ட வந்தப்புறம் நல்லா பருத்துருக்கு பாருங்க” என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி, “பார்க்காதே, நட” என்று அக்காவை உள்ளே தள்ளினான்.

துணை இயக்குநர் பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் தட்டச்சு செய்யும் அம்மாள். முதுகு ஆய்வாளர் வழக்கம்போல் சுவரைப் பார்த்து நின்றார்.

“உட்காருங்கம்மா. நீங்க பப்பி வளர்க்கறதா புகார். உண்மையா?”

இல்லை என்று ஒரு வார்த்தை. ஒற்றக்கா வாயைத் திறந்தார். மேஜையில் கிடந்த காகிதத்தில் பப்பி அவரைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டியது.

“சார், அதுல ஒரு கால் குறையுது சார்.”

“எதுல?”

“பப்பியில.”

துணை இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப மூணு கால்தானா?”

“ஐயோ பாவம்” என்றார் தட்டச்சு அம்மாள். “பொறக்கும்போதே அப்படியா?”

“இல்லம்மா, அடிக்கும்போது விட்டுப்போச்சு.”

“அடிக்கும்போதா! குட்டியைப் போய் யாரு அடிச்சா?”

“நீங்கதான்மா.”

“நானா? நான் கொசுவைக்கூட ஊதித்தான் விடுவேன்!”

“என்ன நிறம்?” என்றார் துணை இயக்குநர், பரிவோடு.

“ஊதா சார்.”

“அடிச்ச அடியில உடம்பே ஊதாவாயிடுச்சு, எழுதிக்கங்க.”

கணவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். “ஒரே கசகசன்னு இருக்குங்க இங்க.”

சுவரைப் பார்த்து நின்ற ஆய்வாளர் துள்ளித் திரும்பினார். “யாரு அந்த வார்த்தையைச் சொன்னது?”

“வேர்வைங்க! வேர்வையைச் சொன்னேன்!”

“அவர் பல் டாக்டர் மாதிரி சார், பாவம்” என்று தம்பி சம்பந்தமில்லாமல் குறுக்கே விழுந்தான். “என் கட்சிக்காரர் தரப்புல வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லை. மூணு கால் பப்பி, ஊதா நிறம். கருணை காட்டணும்.”

துணை இயக்குநர் கருணை காட்டினார். ஆணையை அவரே வாய்விட்டுச் சொல்ல, தட்டச்சு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடித்தார். மேற்படி மூன்று கால் பப்பியை வீட்டின் பின்புறம் வளர்க்க அனுமதிக்கப்படுகிறது. துறை அவ்வப்போது வந்து அதன் நலம் விசாரிக்கும். காகிதம் ஒற்றக்காவின் முன்னால் வந்தது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பூ பிழைத்தது, தலை பிழைத்தது. தம்பியின் முகத்தில் ஒரு வழக்கறிஞரின் முதல் வெற்றி ஒளிவிட்டது.

ஒற்றக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தார். தபால்காரர் எழுந்துபோய், யாரும் பார்க்காத நேரத்தில், பாத்தியில் சாய்ந்திருந்த ஒரு செடியை நிமிர்த்தி ஒரு குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

கணவர் வீட்டிலிருந்த எல்லாப் பேனாவையும் பூட்டியிருந்தார். கொண்டைக்குள் இருந்ததை அவர் கல்யாணமான நாளிலிருந்தே கவனித்ததில்லை. ஒற்றக்கா கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி, ‘மூன்று கால்’ என்பதை அடித்து, பப்பியின் முதல் ப-வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டார். அழகான, நிமிர்ந்த கால்.

“அக்கா!” என்று தம்பி நாற்காலியில் சரிந்தான்.

“என்னம்மா இது?” என்றார் துணை இயக்குநர்.

“பிழை சார். திருத்திட்டேன்.”

தட்டச்சு அம்மாள் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினார். “பா... பா...”

“படிக்காதீங்க!” துணை இயக்குநர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஆய்வாளர் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முகத்தைப் புதைத்தார். எதற்கென்று கேட்காமல் தட்டச்சு அம்மாளும் பொத்திக்கொண்டார். ஒரு துறை முழுவதும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியத்தைச் செய்து ஒற்றக்கா அதுவரை பார்த்ததில்லை.

“எதுக்கு சார் காதைப் பொத்தறீங்க?”

“எங்களுக்குத் தெரியாதும்மா! எங்களுக்கு எதுவும் தெரியாது!”

“எது காதுல விழக்கூடாதுன்னு தெரிஞ்சாத்தானே சார் பொத்த முடியும்?”

துணை இயக்குநரின் கைகள் காதிலேயே இருந்தன. ஆனால் பதில் வந்தது. “மெல்லப் பேசுங்க. வாசல்ல கேட்கப்போகுது.”

“வாசல்ல இருக்கறது என்ன சார்?”

“அழகு” என்றார் துணை இயக்குநர். “அலுவலக அழகு.”

“தபால்காரர் வீட்டுல இருந்தப்ப அது குற்றம். உங்க வாசலுக்கு வந்ததும் அழகா? பிடுங்கறப்போ தெரிஞ்சது, நடும்போது எப்படி சார் மறந்துபோச்சு?”

ஒற்றக்காவின் மேல் குற்றம் சாட்ட வேண்டுமானால், குற்றத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்தால் அறைக்குள் இருக்கும் அத்தனை பேரும் அறிந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அறிந்தவர்கள், தாங்களே வளர்க்கும் வாசல் பாத்தியைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். துணை இயக்குநர் மேஜை இழுப்பறையிலிருந்து வெள்ளை மையை எடுத்து, ஒற்றக்கா போட்ட காலின் மேல் கவனமாகப் பூசி, வாயால் ஊதிக் காயவைத்தார்.

“உங்க வீட்டுல இருக்கறதும் பப்பி. எங்க வாசல்ல இருக்கறதும் பப்பி. போயிட்டு வாங்கம்மா.”

“அப்ப அவர்கிட்டயிருந்து பிடுங்கினதும் பப்பிதானே சார்? பப்பிக்காக ஒருத்தரை வேலையை விட்டு நிறுத்துவாங்களா?”

“அவர் கேட்டார்ம்மா. கேட்டவருக்காக ஒண்ணும் பண்ண முடியாது. இருந்தாலும் யோசிக்கிறோம்.”

துறை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு முதுகு ஆய்வாளர் மாதா மாதம் வந்து, பின்னோக்கி நடந்து, பப்பியின் நலம் விசாரித்தார். “தண்ணி ஊத்தறீங்களா?” என்பார். “பப்பிக்கா சார்?” என்றால், “ஆமா, ஆமா, பப்பிக்குத்தான்” என்பார். ஒரு தரம் கிளம்பும்போது, சுவரைப் பார்த்தபடி, “குட்டி போட்டா எனக்கு ரெண்டு காகிதத்துல மடிச்சுக் குடுங்கம்மா” என்று மெல்லக் கேட்டார். தையல்காரம்மாவும் ஒரு குட்டிக்குச் சொல்லிவைத்தார். கணவருக்கு இப்போது பின்பக்கம் போய்ப் பார்க்காமல் காலையில் காப்பி இறங்குவதில்லை. “உன் கையில ஒண்ணு பொழைச்சிருக்குன்னா, அது சட்டம் தெரியாத செடியாத்தான் இருக்கணும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார்.

துறைக்கு அந்த வருஷம் சிறந்த அலுவலகத்துக்கான விருது கிடைத்தது. காரணம், வாசல் பாத்தி. விருதைக் கொண்டாட வாசலில் ஒரு பித்தளைப் பலகை வைப்பதென்று முடிவாயிற்று. வாசகத்தைத் துணை இயக்குநரே சொந்தமாக எழுதி, பிழை பார்ப்பதற்காக அச்சகத்துக்கு அனுப்பினார்.

“இத்துறையில் அறிந்தே ஒரு தவறும் நடந்ததில்லை.”

ஒற்றக்கா படித்தார். மறுபடி படித்தார். ஒற்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கால் எதுவும் விட்டுப்போகவில்லை. முதல் தடவையாகத் துறை ஒரு வரியைப் பிழையில்லாமல் எழுதியிருந்தது. அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு சொல்தான் உறுத்தியது. பல வருஷங்களுக்கு முன்னால் தானே ற போட்டு உண்டாக்கிய சொல். அதை அடித்துவிட்டு, ஓரத்தில் வேறொன்றை எழுதி, கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பலகையைத் துணை இயக்குநர் திரையை விலக்கித் திறந்துவைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் படிப்பதில்லை என்பதால், ஒருவரும் படிக்கவில்லை. எதிர்த் திட்டில் இருந்த தபால்காரர் மட்டும் எழுந்து வந்து, விலாசம் பார்க்கிற பழக்கத்தில் எழுத்தெழுத்தாகப் படித்தார். படித்துவிட்டு, ஊதாப் பூக்களுக்கு நடுவே நின்று, மூச்சு வாங்கும் வரை சிரித்தார்.

பலகை இன்றும் அங்கேதான் பளபளக்கிறது:

“இத்துறையில் அறியாமல் ஒரு தவறும் நடந்ததில்லை.”

இதில் பிழை இருப்பதாக இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை.